அதே சோறுதான், லட்சுமிக்கு மட்டும் ஏன் ஆகவில்லை?

கேள்வி: டாக்டர் சார், வணக்கம். நாங்க கொருக்குப்பேட்டைல இருக்கோம். மாமனார் காலத்துலேர்ந்து மாடு வச்சிப் பால் ஊத்துறோம். இப்ப ரெண்டு மாடு இருக்கு. போன மாசம் பக்கத்துக் கல்யாண மண்டபத்துல மீந்துபோன சோறு ரெண்டு அண்டா குடுத்தாங்க. வீணாப் போவுதேன்னு எங்க அத்தை லட்சுமிக்கு வயிறு நிறைய வச்சிட்டாங்க. மறுநாள் காலைல அது எழுந்துக்கவே இல்ல. அசை போடல, இடது பக்கம் வயிறு உப்பிப்போச்சு, சாணி தண்ணியாட்டம் போயி புளிச்ச நாத்தம். டாக்டர் வந்து சோடா உப்பு கரைச்சு வயித்துக்குள்ள விட்டு, டிரிப்ஸ் ஏத்திக் காப்பாத்திட்டாரு. அதே சோத்தத்தான் நாங்களும் சாப்ட்டோம், தெரு நாயும் துன்னுச்சு, யாருக்கும் ஒண்ணும் ஆவல. பத்தாவது படிக்கிற எம்பொண்ணு, "மனுஷன், நாய், மாடு எல்லாமே பாலூட்டிதானேம்மா, பல்லு அரைக்கிறதும் நொதி கரைக்கிறதும் எல்லாத்துக்கும் ஒண்ணுதானே"ன்னு கேக்குறா. எனக்குச் சொல்லத் தெரியல. இனிமே மாட்டுக்குச் சோறே வைக்கக் கூடாதா? வெந்த சோறுதான் சீக்கிரம் ஜீரணமாவும், வைக்கோல்தான் கஷ்டம்னு அத்தை இன்னமும் சொல்றாங்க.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, லட்சுமி பிழைத்து எழுந்ததில் எனக்கு மிகுந்த சந்தோஷம். சோற்றால் படுத்த மாடுகள் எல்லாமே எழுந்துவிடுவதில்லை. சரியான நேரத்தில் டாக்டரைக் கூப்பிட்டீர்கள்.

அத்தையைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். வெந்த சோறு சீக்கிரம் ஜீரணமாகும் என்று அவர் சொல்வது உண்மைதான். நமக்கு நல்லது செய்கிற அந்தச் 'சீக்கிரம்'தான் மாட்டைப் படுக்க வைத்தது. மாடு மெதுவாக ஜீரணிக்கவே பிறந்த பிராணி. அது எப்படி என்று உங்கள் மகளுக்கும் புரியும்படி சொல்கிறேன், கடிதத்தை அவளிடமும் படிக்கக் கொடுங்கள்.

மகள் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. பாலூட்டிகள் எல்லாவற்றுக்கும் ஜீரணத்தில் இரண்டு வேலைகள் உண்டு. கடிப்பது, அரைப்பது, கலக்குவது, தள்ளுவது எல்லாம் ஒரு வேலை. அமிலத்தாலும் நொதிகளாலும் உணவைச் சின்னச் சின்ன மூலக்கூறுகளாக உடைப்பது இன்னொரு வேலை. பாடப்புத்தகம் முன்னதை இயந்திரச் செரிமானம் என்றும் பின்னதை வேதிச் செரிமானம் என்றும் சொல்லும். இரண்டு வேலையும் எல்லாரிடமும் நடக்கிறது. எது முதலில் நடக்கிறது, யார் செய்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

முதலில் உங்கள் மகள் சாப்பிட்ட சோறு. கடைவாய்ப்பல் அதை அரைக்கும்போதே உமிழ்நீர் வந்து கலக்கிறது. மனிதருக்கு ஒரு நாளைக்கு ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீர் சுரக்கும். அதில் அமைலேஸ் என்ற நொதி இருக்கிறது. குழம்பு ஊற்றாத வெறும் சோற்றை ஒரு வாய் எடுத்து, விழுங்காமல் மென்றுகொண்டே இருக்கச் சொல்லுங்கள். கொஞ்ச நேரத்தில் லேசாக இனிக்கும். மாவுச்சத்து சர்க்கரையாக உடையத் தொடங்கிவிட்டது என்பதற்கு நாக்கே சாட்சி.

இரைப்பைக்குள் போனதும் அங்குள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலம் அமைலேஸை நிறுத்திவிடும். அமிலமும் பெப்சின் என்ற நொதியும் சேர்ந்து பருப்பிலும் கறியிலும் உள்ள புரதத்தை உடைக்கும். சோற்றுக்கு அங்கே பெரிதாக வேதி மாற்றம் கிடையாது. மூன்று அடுக்குத் தசை அதைப் பிசைந்து கூழாக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுகுடலுக்கு விடும். பெரிய வேலை அங்கேதான். கணையநீரில் உள்ள கார உப்பு அமிலத்தைத் தணிக்க, கணைய அமைலேஸ் மாவுச்சத்தையும், டிரிப்சின் புரதத்தையும், லைப்பேஸ் கொழுப்பையும் எடுத்துக்கொள்ளும். பித்தநீரை நொதி என்று பரீட்சையில் எழுதிவிட வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள். அதில் ஜீரண நொதி கிடையாது. கொழுப்பைப் பொடிப்பொடித் துளிகளாகப் பிரித்து லைப்பேஸுக்கு வழி செய்து தருவதுதான் அதன் வேலை. சுமார் 6 மீட்டர் நீளமுள்ள சிறுகுடலின் உள்சுவரில் முளைத்திருக்கும் குடலுறிஞ்சிகள் வழியாகக் குளுக்கோஸ் இரத்தத்தில் சேர்ந்துவிடும். மிஞ்சிய நார்தான் பெருங்குடலுக்குப் போகிறது. அங்கேதான் நம் உடம்பில் பாக்டீரியாக் கூட்டம் அதிகம். அதாவது, நாம் முதலில் சாப்பிடுகிறோம், நமக்கு வேண்டாததைக் கிருமிகள் சாப்பிடுகின்றன. இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அரைப்பது வேறு, கரைப்பது வேறு என்பது கண்ணெதிரே நிரூபிக்கப்பட்ட விஷயம். 1822-ல் அமெரிக்காவில் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற தொழிலாளியின் வயிற்றில் துப்பாக்கி வெடித்துக் காயம் பட்டது. காயம் ஆறியும் இரைப்பைக்குள் போகும் ஓட்டை மூடவில்லை. அவருக்கு வைத்தியம் பார்த்த வில்லியம் போமண்ட் என்ற ராணுவ டாக்டர், இறைச்சித் துண்டுகளைப் பட்டு நூலில் கட்டி அந்த ஓட்டை வழியாக உள்ளே விட்டு, அவ்வப்போது வெளியே இழுத்துப் பார்த்தார். இரைப்பைச் சாற்றை வெளியே எடுத்துக் குப்பியில் இளஞ்சூடாக வைத்து, அதில் இறைச்சியைப் போட்டும் பார்த்தார். பிசைவதற்குத் தசையே இல்லாத குப்பியிலும் இறைச்சி கரைந்தது. 1833-ல் அதைப் புத்தகமாக வெளியிட்டார். அந்த ஏழைத் தொழிலாளி பட்ட கஷ்டத்தால்தான் இன்று பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இவ்வளவு தெளிவாகச் சொல்ல முடிகிறது.

அடுத்தது தெரு நாய். அதற்கு 42 பல். அவை கிழிக்கவும் வெட்டவும்தான், அரைப்பதற்கு அல்ல. அதன் தாடை மேலும் கீழும் போகுமே தவிர, மாட்டின் தாடை போலப் பக்கவாட்டில் ஆடாது. அதனால் நாய் மெல்லுவதில்லை, லபக்கென்று விழுங்கிவிடும். அதன் உமிழ்நீரில் அமைலேஸும் அநேகமாகக் கிடையாது. பிறகு சோறு எப்படிச் செரிக்கிறது? கணையம் பார்த்துக்கொள்கிறது. ஓநாயையும் நாயையும் ஒப்பிட்டு 2013-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, கணைய அமைலேஸைத் தயாரிக்கும் மரபணு ஓநாயைவிட நாயிடம் பல மடங்கு நகல்களாகப் பெருகியிருப்பதைக் காட்டியது. மனிதரை அண்டிப் பிழைத்த பிராணி, மனிதரின் மாவுச்சத்துக்கு ஏற்றபடி மாறியிருக்கிறது. நாய்க்கும் அமிலமும் நொதியும் முதலில், கிருமிகள் கடைசியில். வரிசை நம்முடையதுதான். ஆகவே அதற்கும் ஒன்றும் ஆகவில்லை. (பிரியாணி மீந்தால் எலும்பையும் வெங்காயத்தையும் நாய்க்குப் போடாதீர்கள். வெந்த எலும்பு சில்லுச் சில்லாக உடைந்து குடலைக் குத்தும். வெங்காயம் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும்.)

இப்போது லட்சுமி. மாட்டுக்கு மேல்தாடையில் முன்பல்லே கிடையாது. தடித்த ஈறுதான் இருக்கும். நாக்கை நீட்டி வளைத்துப் புல்லை இழுத்து, அரைகுறையாக மென்று உள்ளே தள்ளிவிடும். அது போய் விழுகிற இடம் நம்முடையதைப் போன்ற இரைப்பை இல்லை. மாட்டுக்கு வயிற்றில் நான்கு அறைகள். முதல் அறையை நாங்கள் ரூமன் என்போம். வளர்ந்த பசுவுக்கு அதில் 100 லிட்டருக்கு மேலேயே கொள்ளும். வயிற்றின் இடது பக்கம் முழுக்க அதுதான். ஆட்டுக்குடல் வாங்கிச் சுத்தம் செய்திருப்பீர்களே, மொசமொசவென்று துவாலை மாதிரி ஒரு துண்டு வருமே, அது ஆட்டின் ரூமன். அதோடு ஒட்டிக்கொண்டு தேன்கூட்டுக் கட்டங்களாக இருப்பது இரண்டாவது அறை. ஏடு ஏடாக மடிந்திருப்பது மூன்றாவது. வழவழப்பாக இருக்கும் நான்காவது அறைதான் நம் இரைப்பைக்குச் சமம். அமிலமும் பெப்சினும் அங்கேதான் சுரக்கும்.

ரூமனில் மாட்டின் சொந்த ஜீரண நொதி ஒரு சொட்டுகூடச் சுரப்பதில்லை. அங்கே வேலை பார்ப்பது முழுக்க நுண்ணுயிர்கள். அந்த நீரில் ஒரு மில்லியில் 1000 கோடிக்குக் குறையாமல் பாக்டீரியா இருக்கும். அவற்றோடு புரோட்டோசோவாவும் பூஞ்சையும் சேர்ந்துகொள்ளும். வைக்கோலின் நாரான செல்லுலோஸை உடைக்கும் நொதி நம்மிடமும் இல்லை, பசுவிடமும் இல்லை. இவைதான் அதை உடைத்து அசிட்டிக், புரோப்பியானிக், பியூட்ரிக் அமிலங்களாக மாற்றுகின்றன. ரூமன் சுவர் அவற்றை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும். பசுவுக்குத் தேவையான சக்தியில் சுமார் 70 சதவீதம் இந்த அமிலங்களிலிருந்துதான் வருகிறது. பாலின் கொழுப்புக்கும் வைக்கோலிலிருந்து வரும் அசிட்டிக் அமிலம் முக்கியமான மூலப்பொருள். கடைசியில் அந்த நுண்ணுயிர்களும் நான்காவது அறைக்கு அடித்துவரப்பட்டு, அமிலத்தில் மடிந்து, மாட்டுக்குப் புரதமாகிவிடுகின்றன. ஆக மாட்டுக்கு வரிசையே தலைகீழ். கிருமிகள் முதலில் சாப்பிடும், மாடு அதற்குப் பிறகுதான். நீங்கள் லட்சுமிக்கு வைக்கிற தீனி எதுவும் முதலில் லட்சுமிக்குப் போவதில்லை, அந்தக் கூட்டத்துக்குத்தான் போகிறது. அந்தக் கூட்டத்துக்குப் பழகாத தீனியை ஒரே ராத்திரியில் கொட்டினால் மாடு தாங்காது.

இன்று மத்தியானம் லட்சுமி படுத்து அசைபோடும்போது மகளைப் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். கழுத்தின் இடது பக்கம் ஓர் உருண்டை கீழிருந்து மேலே ஓடுவது தோலுக்கு வெளியிலேயே தெரியும். அது வாய்க்கு வந்ததும் தாடை பக்கவாட்டில் ஆடத் தொடங்கும். ஒரு கவளத்துக்கு 40 முதல் 60 தடவை மெல்லும். பிறகு விழுங்கும், சில விநாடி சும்மா இருக்கும், அடுத்த உருண்டை மேலே வரும். வைக்கோலும் புல்லும் தின்கிற மாடு நாளில் ஏழெட்டு மணி நேரம் இதைத்தான் செய்யும். இது அரைக்கிற வேலை, இயந்திரச் செரிமானம், சந்தேகமே இல்லை. ஆனால் அந்த நேரமெல்லாம் உமிழ்நீர் வழிந்துகொண்டே இருக்கிறது. ஒரு நாளைக்கு 100 லிட்டருக்கு மேல் சுரக்கும். அதில் அமைலேஸ் இல்லை, பைகார்பனேட்டும் பாஸ்பேட்டும் இருக்கிறது. அதாவது சோடா உப்பு. ரூமனில் உண்டாகிற அமிலத்தை நாள் முழுக்கத் தணித்துக்கொண்டிருப்பது இதுதான். மெல்லுவது நின்றால் சோடா நின்றுபோகும். அரைக்கிற வேலையும் கரைக்கிற வேலையும் மாட்டிடம் இப்படிக் கோத்துக் கிடக்கின்றன. புத்தகத்தில் தனித்தனியாக இருக்கிற இரண்டு தலைப்புகளுக்கு நடுவே மகள் இதை எழுதி வைத்துக்கொள்ளட்டும்.

அன்று ராத்திரி நடந்தது இனி எளிதாகப் புரியும். அண்டாவிலிருந்த சோறு குழைந்து வெந்தது. மெல்ல வேண்டியதே இல்லை, அசைபோட நாரும் இல்லை. ஆகவே உமிழ்நீர் வரத்து குறைந்துவிட்டது. இன்னொரு பக்கம், வேகவைத்த மாவுச்சத்தை நுண்ணுயிர்கள் வேகாத அரிசியைவிட வேகமாக உடைக்கும். ராத்திரி கரைத்து வைத்த இட்லி மாவு காலையில் பொங்கிப் புளிப்பது போல, லட்சுமியின் வயிற்றுக்குள் அண்டாக் கணக்கில் சோறு புளித்தது. மாவைப் புளிக்க வைக்கிற லாக்டிக் அமில பாக்டீரியா இனங்கள்தான் அங்கேயும் பெருகின. நல்ல நிலையில் ரூமனின் பி.எச் அளவு (இந்த எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 6-க்கும் 7-க்கும் நடுவில் இருக்கும். லாக்டிக் அமிலம் சேரச் சேர அது 5-க்கும் கீழே இறங்கிவிடும். அந்தப் புளிப்பில் வைக்கோலை உடைக்கிற நல்ல நுண்ணுயிர்கள் மடியும், ரூமன் தசை அசையாமல் நின்றுவிடும், ஏப்பமாக வெளியேற வேண்டிய வாயு உள்ளேயே தங்கும். ரூமனில் கரைந்த பொருள் அளவு மீறுவதால் இரத்தத்திலிருந்து தண்ணீர் உள்ளே இழுக்கப்படும். உடம்பு வறண்டு கண் குழி விழும், சாணி தண்ணீராகிப் புளித்து நாறும். லாக்டிக் அமிலம் இரத்தத்திலும் ஏறினால் உயிருக்கே ஆபத்து. உங்கள் டாக்டர் சோடா உப்பு கரைத்து விட்டது, மாடு மென்றிருந்தால் தானே சுரந்திருக்கும் சரக்கைத்தான். டிரிப்ஸ், இரத்தம் இழந்த தண்ணீருக்காக.

இனி சோறே கூடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படி இல்லை. வழக்கமாகக் கொடுத்துப் பழகிய மாட்டுக்கு, வைக்கோலோ பசுந்தீவனமோ தின்ற பிறகு, தவிட்டோடு கலந்து ஒன்றிரண்டு கைப்பிடி சோறு வைக்கலாம். நம் பக்கம் வீட்டுக்கு வீடு வாளியில் சேர்த்து வைத்துத் தருகிற கழனித் தண்ணியும் அன்றன்றைக்கு உள்ளதாக இருந்தால் தாராளமாகக் கொடுக்கலாம். வெறும் வயிற்றில் சோறு வைப்பதும், அண்டாவை முன்னால் வைத்துவிட்டுப் போவதும் கூடாது. சோறு மட்டுமல்ல, கஞ்சி, இட்லி மாவு, ரொட்டி, கோதுமை மாவு, வடை பாயசம் எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். கலப்புத் தீவனத்தைக் கூட்டுவதானாலும் இரண்டு வாரத்தில் படிப்படியாகக் கூட்டுங்கள். பூஞ்சை பிடித்த சோறும் ரொட்டியும் எந்த அளவிலும் வேண்டாம். அதில் இருக்கக்கூடிய அஃப்ளாடாக்சின் நஞ்சு பாலிலும் இறங்கும், அந்தப் பாலைக் குழந்தைகள் குடிக்கிறார்கள்.

கொருக்குப்பேட்டையில் மேய்ச்சலுக்கு இடமில்லை, வைக்கோல் விலையும் உங்களுக்குத் தெரியும். அந்தச் சிரமம் புரிந்துதான் சொல்கிறேன்: செலவைக் குறைக்க வேண்டுமானால் வேறு எதிலாவது குறையுங்கள், நாரில் குறைக்காதீர்கள். ஈரத்தைக் கழித்த எடைக் கணக்கில் மொத்தத் தீனியில் பாதிக்கு மேல் வைக்கோலும் புல்லுமாக இருக்கட்டும். தீவன விஷயத்தில் சந்தேகம் இருந்தால் மாதவரம் பால்பண்ணையில் இருக்கிற கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் கேளுங்கள், உங்களுக்குப் பக்கம்தான்.

மண்டபத்துச் சோற்றில் இன்னோர் ஆபத்தும் உண்டு. அதோடு கேரி பேக், தண்ணீர் பாக்கெட், ஊதுபத்திக் கவர் எல்லாம் கலந்து வரும். மாடு முதலில் விழுங்கிவிட்டுப் பிறகு மெல்லுகிற பிராணி, வாயில் வைத்ததைப் பார்த்துத் துப்பத் தெரியாது. ரூமனிலிருந்து அடுத்த பக்கம் தாண்ட வேண்டுமானால் தீனி சில மில்லிமீட்டர் அளவுக்குப் பொடியாக வேண்டும். பிளாஸ்டிக் பல்லிலும் அரைபடாது, நுண்ணுயிருக்கும் மசியாது. ஆகவே அது அங்கேயே தங்கிச் சேரும். 2019-ல் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஒரே பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை அறுவை செய்து எடுத்தார்கள். ஆணி, கம்பி போனால் தேன்கூட்டு அறையில் தங்கி, முன்னால் இருக்கிற இதயப்பை வரைக்கும் குத்திக்கொண்டு போகும். கொடுங்கையூர் குப்பைமேட்டுப் பக்கம் மாட்டை அவிழ்த்துவிடுகிறவர்களிடம் இதைத் தயவுசெய்து எடுத்துச் சொல்லுங்கள்.

மறுபடி வயிறு உப்பினால் என்ன செய்வது? கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே இடது பக்கம் ஒரு பள்ளம் இருக்கும். அங்கே கைமுட்டியை அழுத்தி இரண்டு நிமிடம் வையுங்கள். ரூமன் வேலை செய்தால் இரண்டு மூன்று தடவை உள்ளிருந்து கையைத் தள்ளும். மாடு நன்றாக இருக்கும் நாட்களிலேயே பழகிக்கொண்டால், கெட்ட நாளில் சட்டென்று தெரியும். தள்ளவே இல்லை, பள்ளம் மேடாகிவிட்டது, அசைபோடுவதும் இல்லை என்றால் அடுத்த நாள் வரை காத்திருக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள். அவர் வரும்வரை சோறு, தவிடு, புண்ணாக்கு எதுவும் வேண்டாம், வைக்கோல் மட்டும் முன்னால் போட்டு வையுங்கள். நாக்கை இழுத்துப் பிடித்து எண்ணெயையோ கஷாயத்தையோ ஊற்றாதீர்கள். சோர்ந்த மாட்டுக்குப் புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும். சோடா உப்பும் எவ்வளவு, எப்படி என்பதை டாக்டர் சொன்னபடிதான்.

ஒன்று மட்டும் பாக்கி. இப்படிப் புளிப்பு ஏறித் தேறிய மாட்டுக்குச் சில வாரம், சில மாதம் கழித்துக் குளம்பில் வலி வருவதுண்டு. அமிலத்தால் ரூமன் சுவர் புண்ணாகும்போது உண்டாகிற நஞ்சு குளம்பின் உள்சதையையும் பாதிக்கும். லட்சுமி தரையில் கால் வைக்கத் தயங்குகிறதா, கால் மாற்றி மாற்றி நிற்கிறதா, முதுகை வளைத்து நடக்கிறதா என்று பால் கறக்கிற நேரத்தில் கவனியுங்கள். அப்படித் தெரிந்தால் டாக்டரிடம் நொண்டுகிறது என்று மட்டும் சொல்லாமல், போன மாதம் சோறு தின்று படுத்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள்.